சுத்தம் செய்யப்பட்ட படம்

எங்க ஊர் எப்போதும்வென்றான். யார் வென்றான், யாரைத் தோற்கடித்து வென்றான் என்று ஊர்ப்பெயர் சொல்லாது. வரலாறும் அப்படித்தான். எம்.ஏ. தமிழ் படித்தபோதே இது தெரியும். ஆனால் மண்டையில் உறைத்தது ஒரு புகைப்படத்தைப் பார்த்த அன்றைக்குத்தான்.

கரிசக்காட்டில் மசங்கல் என்றால் வேலை முடிந்து சனம் வீடு திரும்புகிற நேரம். மதுரையில் கோபுரத்தைப் படம் பிடிப்பவர்களுக்கோ அதுதான் வேலை நேரம். ஒருநாள் தோழர் ஒருவருடன் கிழக்குச் சித்திரை வீதியில் நின்றேன். பொழுது அடைந்த பிறகு கொஞ்ச நேரம் வானம் கருநீலமாக நிற்கும். அப்போதுதான் வானத்து வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் சமமாக வரும் என்றார். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் ஐந்து படம் எடுத்தார். சில வினாடிகள் ஷட்டர் திறந்தே இருந்ததால் நடந்து போனவர்கள் புகையாகக் கரைந்தார்கள். ஒருத்தி மட்டும் கரையவில்லை. குனிந்து குப்பை அள்ளிக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளி. என் சின்னம்மா. அந்த வீதியில்தான் அவளுக்கு வேலை.

கம்ப்யூட்டரில் ஐந்து படங்களையும் ஒன்றாக்கினார் தோழர். வானத்து நீலத்தை ஏற்றினார். சாய்ந்து தெரிந்த கோபுரத்தை நிமிர்த்தினார். மின்கம்பிகளை அழித்தார். அதோடு சின்னம்மாவையும். "படத்தை க்ளீன் பண்ணிட்டேன்" என்றார். வீதியைச் சுத்தம் செய்தவளை அழுக்கென்று துடைத்தாயிற்று! அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இந்த வேலை நேற்று தொடங்கியதல்ல. 1858இல் மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் படம் எடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். அன்றைய ரசாயனப் பூச்சு நீலத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். சிவப்பு கறுப்பாக விழும். அந்திச் செவ்வானம் அதற்குத் தெரியாது. பகல் வானமோ வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் தம் நெகட்டிவ்கள்மேல் வர்ணம் தீட்டி மேகம் சேர்த்ததுண்டு. ஆக, இல்லாத மேகம் பதிந்தது. இருந்தும் அசைந்த மனிதர்கள் பதியவில்லை. அது கருவியின் குறை என்று விட்டுவிடலாம்.

ஆனால் படம் பிற்காலத்தில் சாட்சியாகிவிடுகிறது. அரண்மனை, 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் காலத்தில் செப்பனிடப்பட்டது. அதற்கு முன் எப்படிச் சிதைந்து கிடந்தது என்பதற்கு டிரைப்பின் படங்கள்தான் ஆதாரம். கோயில் நகைகளைக்கூட அவர் படம் எடுத்திருக்கிறார். வெள்ளைக்காரன் கேமரா அம்மன் நகையைப் பார்த்து 81 வருஷம் கழித்து, 1939 ஜூலை 8இல்தான் நம்ம சனம் அந்தக் கோயிலுக்குள் கால் வைத்தது. 'வைத்தியநாத அய்யர் தலைமையில் அரிசனங்கள் நுழைந்தனர்' என்று ஒரே வரியில் முடிப்பார்கள். அதுவும் ஒரு க்ளீன் பண்ணிய படம்தான். கக்கன், முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து என்று நாம் பெயர் சொல்லி எழுதுவோம். அவர்களோடு போனவர் விருதுநகர் சண்முக நாடார்.

தோழரின் படத்தைச் சின்னம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்த வீதிய இம்புட்டுச் சுத்தமா யாருடா கூட்டுனா?" என்றாள். கேலியா, நிசமாவே கேட்டாளா, தெரியவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

தோழரிடம் போய் இதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு மூலப் படங்களைத் திறந்தார். ஐந்தில் குறைந்த நேரம் திறந்து எடுத்த படத்தில் சின்னம்மா தெளிவாக இருந்தாள். அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, வெளிச்சம் ஏற்றி, பெரிய படத்தில் அவள் நின்ற இடத்திலேயே சேர்த்தார். அரைமணி நேர வேலை. கோபுரத்தின் அழகு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அழிக்கத் தெரிந்த அதே கருவிக்கு வைத்துக்கொள்ளவும் தெரியும். டிரைப்புக்கு இல்லாத வசதி இன்றைக்கு நம் பிள்ளைகளின் கையில் செல்போனாக இருக்கிறது. அந்தியில் கோபுரத்தை எடுங்கள், அரண்மனையை எடுங்கள். கீழே நிற்கிற ஆளைத் துடைக்காதீர்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.