எழுதப்பட்ட பூஜ்யம்

பிரான்சின் வடகிழக்கில், வெர்டன் நகரத்தை ஒட்டிய மேட்டு நிலத்தில், ஃப்ளூரி-தெவான்-துவோமோன் என்றொரு கம்யூன். கம்யூன் என்பது பிரெஞ்சு நிர்வாகத்தின் கடைசி அலகு. ஏறக்குறைய நம் பஞ்சாயத்து. 1914 யுத்தத்துக்கு முன் இங்கே 422 பேர் வசித்தார்கள். இன்று ஜனத்தொகை 0.

இரண்டு எண்களுக்கும் நடுவில் நடந்தது தெரிந்த சரித்திரம்தான். 1916 பிப்ரவரி 21ல் ஜெர்மானியத் தாக்குதல் ஆரம்பித்ததும் ஊர் காலிசெய்யப்பட்டது. ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள் ஃப்ளூரி 16 முறை கைமாறியதாகச் சொல்கிறார்கள். கடைசியில் சுவர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வெடிக்காத குண்டுகளும் நஞ்சேறிய மண்ணும் எடுக்கப்படாத உடல்களும் கிடந்த அந்தப் பிரதேசத்தைச் சர்க்கார் 'சிவப்பு மண்டலம்' என்று குறித்தது. மீண்டும் குடியேற விடாமல் மரம் நட்டுக் காடாக்கியது.

வெர்டன் களத்தில் இப்படி அழிந்த கிராமங்கள் 9. அவற்றில் 3 ஓரளவு மீண்டன. ஃப்ளூரி உட்பட 6 கிராமங்கள் ஆளே இல்லாமல், ஆனால் சட்டப்படி கம்யூன்களாகவே, இன்றும் நீடிக்கின்றன. பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவது நிர்வாகத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. வாக்காளர் இல்லாததால் தேர்தல் இல்லை. மேயரை மாவட்ட அதிகாரியான ப்ரிஃபெக்ட் நியமிக்கிறார்.

இந்தக் கிராமங்களுக்குத் தரப்பட்ட பட்டம் 'பிரான்சுக்காக உயிர்நீத்தவை'. இதுதான் எனக்கு உறுத்துகிறது. படைக்குப் போய் மடிந்தவர்களை விட்டால், ஊரார் உயிரோடு வெளியேறியவர்கள், பிறகு திரும்ப விடப்படாதவர்கள். வீடிழந்தவனின் நஷ்டத்தைச் சிப்பாயின் மரணமாக மாற்றிவிடுகிறது இந்த வாசகம். கிராமம் எதற்காகவும் உயிரைவிட முன்வரவில்லை.

பக்கத்திலேயே துவோமோனில், 1932ல் திறக்கப்பட்ட எலும்பு மண்டபத்தில் பெயர் தெரியாத சுமார் 1,30,000 சிப்பாய்களின் எச்சங்கள் இருக்கின்றன. யாத்திரை வருகிறவர்களின் கண் அங்கேதான் நிற்கிறது. ஃப்ளூரியில் இருப்பவை குண்டுப் பள்ளங்களுக்கு நடுவே சில அடையாளக் குறிகள்: இங்கே ரொட்டிக்கடை, இங்கே பள்ளிக்கூடம். யுத்தம் வருவதற்கு முன்பும் இங்கே சரித்திரம் இருந்தது என்பதற்கு இவைதான் சாட்சி.

ஆளில்லா ஊருக்கு மேயர் என்பதை வெறும் சடங்கு என்று தள்ள என்னால் முடியவில்லை. செத்துப்போனதென்று பட்டம் சொல்கிறது. பதவியோ அதை மறுக்கிறது. ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் ஃப்ளூரிக்கு நேரே பூஜ்யம் எழுதியாக வேண்டியிருக்கிறது. பெயரையே அடித்துவிட்டிருந்தால் அந்த 422 பேரைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.