ஃபிரேமுக்குள் வந்த கை

பொம்மைப் படம் எடுப்பவனுக்கு முதல் பாடம், கையை மறைப்பதுதான். பொம்மையின் கழுத்தை மயிரிழை நகர்த்தணும், கையை எடுக்கணும், ஒரு ஃபிரேம் சுடணும். இப்படி இருபத்து நாலு சேர்ந்தால் ஒரு நொடி. பிலிம் காலத்தில் சில வருஷம் இந்த வேலையைப் பார்த்தவன் நான். என் கட்டைவிரல் ஓரமாக விழுந்திருப்பது கழுவி வந்த பிறகுதான் தெரியும். அன்றைய உழைப்பு குப்பைக்குப் போகும்.

அதனால்தான் செக் இயக்குநர் யிர்ஷி த்ரன்காவின் 'ரூகா' படத்தை முதல்முறை பார்த்தபோது தூக்கிவாரிப்போட்டது. செக் மொழியில் ரூகா என்றால் கை. 1965இல் வந்த பதினெட்டு நிமிடப் படம். ஏறக்குறைய 26,000 ஃபிரேம். ஒரு சின்ன அறையில் கோமாளி உடை போட்ட பொம்மைக் குயவன், தன் ரோஜாச் செடிக்குத் தொட்டி வனைந்துகொண்டிருக்கிறான். கதவைத் தள்ளிக்கொண்டு, கையுறை போட்ட நிஜ மனிதக் கை ஒன்று உள்ளே வருகிறது. நாங்கள் ஒளித்து வைக்கும் அதே கை! தொட்டி வேண்டாம், என் சிலையைச் செய் என்கிறது. கொஞ்சுகிறது, பரிசு தருகிறது, கருப்பு லேஸ் கையுறை மாட்டிக்கொண்டு மயக்கப் பார்க்கிறது. எதற்கும் மசியாதவனைக் கடைசியில் கூண்டில் அடைத்து, நூல் கட்டி ஆட்டிவைத்தே பிரம்மாண்டமான கைச் சிலையைச் செதுக்க வைக்கிறது. தப்பி வீட்டுக்கு ஓடிவருகிறான். கதவை ஆணியடித்து மூடுகிறான். அவன் தொட்டியே அவன் தலையில் விழுந்து சாகிறான். அந்தக் கை வந்து, பதக்கங்கள் வைத்து, அரசு மரியாதையோடு அடக்கம் செய்கிறது.

குயவனின் முகம் படம் முழுக்க மாறாது. பொம்மைக்கு வாயசைப்பு கூடாது என்பது த்ரன்காவின் பிடிவாதம். தலையை லேசாகச் சாய்த்து, விளக்கை இடம் மாற்றியே அழுகையும் பயமும் கொண்டுவருவார். பில்சன் நகரத்துக்காரர், பொம்மலாட்டக்காரர் யோசெஃப் ஸ்குபாவிடம் பழகிய கை அது.

படத்தில் வரும் கை அரசுதான் என்பது பார்ப்பவருக்குப் புரியும். இதில் வேடிக்கை, அவருக்குச் சோறு போட்டதும் அரசுதான். 1945இல் செக்கோஸ்லோவாக்கியா சினிமாத் தொழிலையே அரசுடைமை ஆக்கியது. வசூல் கவலை இல்லாமல் ஒரு பொம்மையோடு மாதக்கணக்கில் மல்லாட முடிந்தது அதனால்தான். பொம்மை என்றால் குழந்தைச் சமாச்சாரம் என்ற அலட்சியமும் தணிக்கையிலிருந்து அவரைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கும் என்பது என் ஊகம். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் வந்தன. மறுவருஷம் டிசம்பரில் ஐம்பத்தேழு வயதில் த்ரன்கா இறந்தார். அவருக்கும் அரசு மரியாதையோடுதான் அடக்கம். பிறகு 'ரூகா'வைத் தடை செய்தார்கள். சுமார் இருபது வருஷம் அது பெட்டிக்குள் கிடந்தது.

அதே நாட்டின் இன்னொரு பொம்மைப் படக்காரர் யான் ஷ்வாங்க்மயர் வேறு ரகம். எட்டு வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக வந்த பொம்மை மேடையிலிருந்து ஆரம்பித்தவர். பொம்மைதான் வேண்டும் என்றுகூட இல்லை. செருப்பு, பச்சை இறைச்சி, களிமண், எது கிடைத்தாலும் உயிர் கொடுத்துவிடுவார். எழுபதுகளில் பல வருஷம் அவரைப் படம் எடுக்கவிடவில்லை. அந்த நாட்களில் தொட்டு உணரும் கலைப்பொருட்கள் செய்துகொண்டிருந்தார். திரும்பி வந்து 1982இல் எடுத்த 'உரையாடலின் சாத்தியங்கள்' படத்தில் களிமண் தலைகள் இரண்டு மேஜையில் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்றின் வாயிலிருந்து பிரஷ் வந்தால் இன்னொன்று பேஸ்டை நீட்டுகிறது. ரொட்டிக்கு வெண்ணெய், பென்சிலுக்குத் துருவி. பிறகு ஜோடி மாறுகிறது: பேஸ்ட் செருப்பின் மேல், வெண்ணெய் பென்சிலின் மேல். கடைசியில் இரண்டு தலைகளும் வெடித்து, நாக்குத் தொங்கி மூச்சு வாங்குகின்றன. பெர்லினில் அதற்குத் தங்கக் கரடி கொடுத்தார்கள். உள்ளூரில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களுக்கு, எப்படிப் படம் எடுக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாகப் போட்டுக் காட்டினார்கள்.

அந்த ஆட்சி விழுந்த பின் 1990இல் அவர் எடுத்தது 'பொஹீமியாவில் ஸ்டாலினிசத்தின் முடிவு'. ரப்பர் கையுறை போட்ட கைகள் ஸ்டாலினின் மார்பளவுச் சிலையை அறுக்கின்றன. உள்ளே நிஜக் குடல். அதற்குள்ளிருந்து ரத்தம் சொட்ட, செக் கம்யூனிஸ்ட் தலைவர் காட்வால்டின் சிலையைப் பிரசவம் பார்த்து எடுக்கிறார்கள். தட்டியதும் அது வீறிட்டு அழுகிறது. படத்தின் கடைசியில் அதே ஸ்டாலின் சிலைக்குத் தேசியக் கொடியின் மூன்று வண்ணம் பூசி, மறுபடி மேஜைக்குக் கொண்டுவருகிறார்கள். கையுறைக் கைகள் அறுத்து உள்ளே துழாவுகின்றன. என்ன வெளியே வருகிறது என்று காட்டுவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.