மனை யாருடையது, வீடு எந்த வகை?

கட்டட ஒப்பந்ததாரர்களுக்கு வீடு என்றால் ஒரு வகைக் குறியீடு. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புகளை ஏ-1 முதல் ஏ-6 வரை பிரிக்கிறது. ஒன்றிரண்டு குடும்பம் வாழும் வீடு ஏ-2, அடுக்குமாடி ஏ-4. பழையசீவரமோ பக்கத்து ஊரோ, ஊர்த்தெருவின் மாடி வீடும் காலனியின் தொகுப்பு வீடும் அந்தப் புத்தகத்தில் ஒரே ஏ-2தான்! புத்தகத்தில் மட்டும்.

நம் பகுதியில் வீட்டை வகை பிரித்தது செங்கல்லோ ஓலையோ அல்ல, மனை. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டைக் குடவோலை ஜனநாயகம் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். வாரிய உறுப்பினராக என்ன தகுதி கேட்டது அந்த ஜனநாயகம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி. சேரியில் இருந்தவனுக்கு இதில் எது இருந்திருக்கும்?

ஆங்கிலேயர் வந்தார்கள். வருவாய்க் கணக்கில் நத்தமும் இரண்டானது: ஊர் நத்தம், சேரி நத்தம். சேரி மனையும் தங்கள் மிராசு பாத்தியதைக்கு உட்பட்டது என்றார்கள் மிராசுதாரர்கள். அதாவது, கூலி உயர்த்திக் கேட்டாலோ தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலோ குடிசையைக் காலி செய் என்று சொல்லலாம். பண்ணையடிமைத்தனத்தைக் கட்டிக்காத்த சங்கிலி இதுதான் என்பேன். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை இந்த மனைப் பிரச்சினையையும் பேசியது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தின் கதி நமக்குத் தெரிந்ததே.

குடியிருக்கும் மனையை விவசாயத் தொழிலாளிக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. டிரமன்ஹீர் எழுதி 80 ஆண்டுகள் கழித்து! காலனிகளுக்கு நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டம் போட்டார்கள். நில உடைமையாளர்கள் அதை உச்ச நீதிமன்றம் வரை இழுத்தார்கள். 1994 தீர்ப்பில் சட்டம் பெரும்பாலும் தப்பியது. எடுத்த நிலம் ஊரை ஒட்டியா, ஏரிக்கும் வயலுக்கும் நடுவிலா என்பதைக் காலனிகளுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

பிறகுதான் கூரை. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் ஒப்பந்ததாரரே கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அளவு குறைந்தது 20 சதுர மீட்டர். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் எந்த முன்பணத்தில் செங்கல் இறக்குவார்? 2010இல் கலைஞர் வீட்டுத் திட்டம் குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட 75,000 ரூபாய் தந்தது. பசுமை வீடு 300 சதுர அடி, 2024இன் கனவு இல்லம் 360 சதுர அடி. அடி கூடுகிறது, மகிழ்ச்சி. ஆனால் இன்றும் வீட்டுத் திட்டத்துக்கு மனுக் கொடுக்கப் போனால் அலுவலகத்தில் முதலில் கேட்பது பட்டாவைத்தான்.