நடுவில் நிற்பவர் யார்? முதுகுளத்தூரிலிருந்து வஜீர் வரை

1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் ஓர் அமைதிக் கூட்டம் நடைபெற்றது. இன்று விருதுநகர் மாவட்டம் என நாம் அழைக்கும் நிலம் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதி. அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் ஒருசேர வென்ற முத்துராமலிங்கத் தேவர், சட்டமன்ற இடத்தைத் துறந்தார். அதனை நிரப்ப நடந்த இடைத்தேர்தலுக்குப் பின் மறவர் சமூகத்துக்கும் தேவேந்திரகுல வேளாளர் சமூகத்துக்கும் இடையே மோதல்கள் மூண்டன. ஊர்கள் எரிந்தன. அதனை நிறுத்தவே மாவட்ட நிர்வாகம் அக்கூட்டத்தைக் கூட்டியது. தேவரும் வந்தார், இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய இளந்தலைவர் இம்மானுவேல் சேகரனும் வந்தார்.

அமைதியை வேண்டி அனைவரும் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிடுவது என்பதிலேயே அங்கு இணக்கம் ஏற்படவில்லை. தனித்தனி அறிக்கை என்பதே முடிவாயிற்று. மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல்துறை சுட்டதில் மறவர் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் மாண்டனர். அம்மாத இறுதியில் தேவர் கைது செய்யப்பட்டார். கொலை வழக்கில் 1959இல் விடுதலையானார். அன்று மாநிலத்தின் முதலமைச்சர் நம் விருதுநகரில் பிறந்த காமராசர்.

இவ்வரலாற்றை இரு தரப்பாரும் இன்றுவரை இரு விதமாகச் சொல்லி வருகின்றனர். எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. நாம் கேட்க விரும்புவது வேறு. கதையைச் சொல்வோர் எல்லாரும் தலைவர்களைச் சொல்கின்றனர், ஆட்சியரைச் சொல்கின்றனர், காவலரின் துப்பாக்கியைச் சொல்கின்றனர். அவ்வூர்களில் இரு தரப்புக்கும் துணி விற்றவர், இரு தரப்புக்கும் இறைச்சி அறுத்துக் கொடுத்தவர், இரு தரப்பின் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தவர், இவர்களைப் பற்றிய பேச்சு அரிது. அவர்களுள் நம் முன்னோரும் இருந்திருப்பர்.

மக்காவில் கஅபாவைப் புதுப்பித்துக் கட்டியபோது ஹஜருல் அஸ்வத் கல்லை அதன் இடத்தில் வைப்பது யார் என்று குறைஷிக் குலங்கள் வாளுருவும் நிலைக்குச் சென்ற நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அப்போது நபித்துவம் பெற்றிராத முஹம்மது (ஸல்) அவர்கள் ஒரு துணியை விரித்து, கல்லை அதில் வைத்து, ஒவ்வொரு குலத்தாரும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கச் செய்தார்கள். முதுகுளத்தூரில் இல்லாமற்போனது அந்த ஒற்றைத் துணி.

இதற்கு முன்பும் நம் மண் ஒரு பெரும் பகையைக் கண்டது. 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு சிவகாசியைத் தாக்கினர். நாடார் சமூகத்தினர் கோயில் நுழைவு உரிமை கோரியதே அப்பகையின் வேர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. அக்காலத்தில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் நுழைவு குறித்து இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி தொடுத்த வழக்கு மதுரை, சென்னை நீதிமன்றங்களைக் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் அங்கும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. கடல் கடந்து போன வழக்கும் உள்ளூர் மனங்களைச் சேர்த்து வைக்கவில்லை.

ஆனால் அச்சமூகம் வேறொரு வழியில் தன்னைக் காத்துக்கொண்டது. மகமை என்பதை நம் வட்டாரத்தில் அறியாதார் இலர். விற்கும் சரக்குக்கு இவ்வளவு, ஏற்றும் மூட்டைக்கு இவ்வளவு என்று வணிகர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட சிறு வரி அது. சிவகாசி எரிவதற்கு முன்பே, 1885இல், அன்று விருதுபட்டி எனப்பட்ட ஊரில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டிருந்தது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் உருவானது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். இன்று சிவகாசி என்றதும் உலகம் நினைப்பது பட்டாசையும் அச்சகத்தையுமே. 1899ஐ நினைப்பவர் சிலரே. பிறர் கொடையை எதிர்பாராமல் தம் மூட்டையிலிருந்தே எடுத்துப் பொதுநிதி வைத்ததுதான் இம்மாற்றத்தின் அடித்தளம் என்று நாம் கருதுகிறோம்.

மகமையைப் போன்ற ஒன்று 2016இல் ஆப்பிரிக்காவில் தீர்மானிக்கப்பட்டது. ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கூடிய ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள், இறக்குமதியாகும் பொருட்களில் தகுதியானவற்றின் மீது 0.2 விழுக்காடு வரி விதித்து ஒன்றியத்தின் செலவுக்கும் அமைதி நிதிக்கும் பணம் திரட்ட முடிவெடுத்தனர். அதுவரை அவர்களின் அமைதிப் படைகளுக்கான பணத்தின் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்தது. பணம் கொடுப்பவரின் விருப்பமும் பணத்தோடு சேர்ந்தே வரும் என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தனர். எல்லா நாடுகளும் இவ்வரியை இன்னும் நடைமுறைப்படுத்தவில்லை என்பதும் உண்மையே.

இந்நிலைக்கு அவர்கள் வந்து சேர்ந்த பாதை கொடியது. 1963இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தோன்றியபோது, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு தலையிடலாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அந்நியர் ஆண்ட மண்ணில் அக்கொள்கைக்கு நியாயம் இருந்தது. ஆனால் அண்டை நாட்டுக் கொடுங்கோலன் தன் மக்களைக் கொன்றாலும் வாய்மூடி இருப்பதற்கு அதுவே சாக்காகவும் ஆயிற்று. 1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாட்களில் இலட்சக்கணக்கான துட்சி மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். படுகொலை தொடங்கிய மாதத்திலேயே ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை அங்கிருந்த தன் படையைச் சில நூறு பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. வெளியார் வரமாட்டார்கள் என்பது அன்று ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று.

அக்காலத்தில் ஒற்றுமை அமைப்பின் பொதுச்செயலாளராக இருந்தவர் சான்சிபாரைச் சேர்ந்த சலீம் அஹ்மத் சலீம். பூசல்களைத் தடுப்பதற்கென ஒரு தனி ஏற்பாட்டை 1993இல் கெய்ரோ மாநாட்டில் அவ்வமைப்பு ஏற்றதில் அவருடைய பங்கு பெரிது. 2002இல் அவ்வமைப்பு ஆப்பிரிக்க ஒன்றியமாக மாறியபோது கொள்கையும் தலைகீழானது. இனப்படுகொலையோ போர்க்குற்றமோ நிகழ்ந்தால் உறுப்பு நாட்டில் தலையிடும் உரிமை ஒன்றியத்துக்கு உண்டு என அதன் சாசனத்திலேயே எழுதப்பட்டது. தலையிடாமை என்றிருந்த இடத்தில் பாராமுகம் கூடாது என்ற சொல் வந்து அமர்ந்தது.

புருண்டியின் உள்நாட்டுப் போரைத் தீர்க்கத் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடத்தினார். 1999இல் அவர் மறைந்ததும் நெல்சன் மண்டேலா அப்பொறுப்பை ஏற்று 2000 ஆகஸ்டில் அருஷா உடன்பாட்டைக் கொண்டுவந்தார். அதன் பிறகும் சில ஆண்டுகள் துப்பாக்கிகள் ஓயவில்லை. லைபீரியாவுக்கு 1990இல் நைஜீரியாவின் தலைமையில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை சென்றது. அப்படையினரில் சிலர் கொள்ளையிலும் ஈடுபட, படையின் பெயர்ச்சுருக்கத்துக்கு லைபீரிய மக்கள் ‘அசையும் பொருளெல்லாம் போயிற்று’ என்று பொருள்படக் கேலியாக ஒரு விரிவைக் கட்டிவிட்டனர். 2023 ஏப்ரலில் தொடங்கிய சூடான் போரின் முன்னே ஒன்றியம் கையறு நிலையில் நிற்பதையும் காண்கிறோம். ஆகவே ஆப்பிரிக்காவைப் புகழ்ந்து பாடுவதற்காக இதனை எழுதவில்லை.

அதே லைபீரியாவில் 2003இல் நடந்ததைப் பாருங்கள். லேமா குபோவி என்னும் கிறித்தவப் பெண்மணியின் முன்னெடுப்பில் தேவாலயப் பெண்களும் பள்ளிவாசல் சார்ந்த பெண்களும் வெண்ணிற ஆடை உடுத்தி, தலைநகர் மன்ரோவியாவில் மீன்சந்தையருகே நாள்தோறும் வெயிலிலும் மழையிலும் அமர்ந்தனர். பேச்சுவார்த்தை கானா நாட்டின் அக்ராவில் இழுபட்டபோது, அங்கும் சென்று மண்டபத்தின் வாயிலை மறித்து அமர்ந்தனர்; உள்ளே இருந்த தலைவர்களை வெளியே விட மறுத்தனர். நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் அதிபர் அப்துஸ்ஸலாமி அபூபக்கர் வெளியே வந்து அவர்களோடு பேச வேண்டியதாயிற்று. 2003 ஆகஸ்ட் 18 அன்று உடன்பாடு கையெழுத்தானது.

நம் சூழலுக்கு இன்னும் நெருக்கமானது கென்யாவின் வடகிழக்கில் உள்ள வஜீர். வறண்ட நிலம், கால்நடையே செல்வம், மக்கள் பெரும்பாலும் சோமாலி முஸ்லிம்கள். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகின்ற குலங்கள் 1990களின் தொடக்கத்தில் ஒன்றையொன்று கொன்று குவித்தன. சந்தையில் பிற குலத்துப் பெண்ணிடம் வாங்கவும் மாட்டோம், அவளுக்கு விற்கவும் மாட்டோம் என்ற நிலை உருவாயிற்று. இருபதுகளின் இறுதியில் இருந்த தெக்கா இப்ராஹீம் அப்தி என்ற பெண்ணும் அவருடைய தோழியரும் முதலில் கைவைத்தது அச்சந்தையில்தான். எந்தக் குலத்துப் பெண்ணும் அச்சமின்றி வாங்கலாம், விற்கலாம் என்பதை உறுதிசெய்ய அவர்களே ஒரு குழுவாகக் கண்காணித்தனர்.

பின்னர் அவர்கள் குலப் பெரியோர்களிடம் சென்றனர். அங்கே செய்த ஒன்று நம் கவனத்துக்குரியது. போரிட்ட பெருங்குலங்களின் தலைவர்களை முன்னிறுத்தாமல், சண்டையில் பங்கில்லாத மிகச் சிறிய குலத்தின் பெரியவரைப் பேச்சின் முன்னோடியாக நிறுத்தினர். ஆள்பலம் இல்லாதவர் என்பதால் அவரைக் கண்டு எவரும் அஞ்சவில்லை. அவர் சொல்லைக் கேட்பதில் எவருக்கும் தோல்வியும் இல்லை. 1993இல் பெரியோர்கள் அல்பதாஹ் உடன்படிக்கையை ஏற்றனர். பெண்கள், இளைஞர், அரசு அலுவலர் அனைவரும் சேர்ந்த அமைதிக் குழு 1995இல் மாவட்ட நிர்வாகக் கட்டமைப்பின் ஓர் அங்கமாயிற்று. பின்னர் கென்யாவின் பிற மாவட்டங்களுக்கும் அம்முறை பரவியது. ஆடு களவு போனது என்ற செய்தி வந்தாலே குழு புறப்படும். களவு கொலையாகும்வரை அது காத்திருப்பதில்லை.

சூரா அல்ஹுஜுராத்தின் ஒன்பதாம் வசனம் நாம் அடிக்கடி கேட்பது. நம்பிக்கையாளரில் இரு பிரிவினர் மோதினால் இணக்கம் ஏற்படுத்துமாறும், வரம்பு மீறுவோரைத் தடுக்குமாறும், அவர்கள் திரும்பினால் நீதியோடு சேர்த்து வைக்குமாறும் அது பணிக்கிறது. அக்கட்டளை மூன்றாமவரை நோக்கியது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். முதுகுளத்தூரில் மோதியவர்கள் முஸ்லிம்கள் அல்லரே என்று கேட்கலாம். அண்டை வீட்டாருக்குரிய கடமையில் மார்க்கம் அப்படியொரு வேலியை எழுப்பவில்லை.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியபோது தென்மாவட்டங்களில் மீண்டும் கலவரம் மூண்டது. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியே அரசு அதனை முடித்தது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானதும் அப்போதுதான். மறு ஆண்டு மதுரை–விருதுநகர் சாலையில் மேலக்கோட்டையில் நூறு வீடுகளுடன் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நல்ல எண்ணமே, ஆனால் பழைய ஊர்கள் பழையபடியே இருந்தன. 2011 செப்டம்பர் 11 அன்று இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் காவல்துறை சுட்டதில் மீண்டும் உயிர்கள் பலியாயின. செப்டம்பர் 11க்கும் தேவர் குருபூசையான அக்டோபர் 30க்கும் தடையுத்தரவு, சோதனைச் சாவடி, கூடுதல் காவலர் என்பது இன்று ஆண்டுச் சடங்காகிவிட்டது. அந்நாட்களில் கடையை முன்கூட்டியே அடைத்துவிட்டு வீட்டுக்குள் இருப்பது நம்மவர் வழக்கம்.

நமக்கேன் வம்பு என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எண்ணிக்கையில் சிறியவர்கள் நாம். ஒரு பக்கம் சாய்ந்ததாகப் பெயர் வந்தால் தாங்க முடியாது என்ற அச்சம் பொய்யன்று. ஆனால் வஜீரில் சிறியவர் என்பதே நடுவருக்குரிய தகுதியாயிற்று. நம் ஜமாஅத்துகளில் சொத்துத் தகராறும் குடும்பப் பிணக்கும் நிர்வாகிகள் முன் பேசித் தீர்க்கப்படுகின்றன. அப்பழக்கம் நமக்குப் புதிதன்று. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் உள்ள நம் மஹல்லாக்கள் ஆகஸ்டு மாதமே இரு சமூகத்துப் பெரியோரையும் தேநீருக்கு அழைத்து, ஊர்வலப் பாதை, ஒலிபெருக்கி, சுவரொட்டி ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் பேசத் தொடங்கலாம். சிவகாசி வட்டாரத்தில் ஒரே பட்டாசு ஆலையில் ஒரே கூரையின் கீழ்த் திரி முறுக்கும் பெண்களைக் கேட்டால், எந்த ஊரில் எந்தச் சுவரொட்டி கிழிந்தது என்பதைக் காவல் நிலையத்துக்கு முன்னரே சொல்லிவிடுவார்கள்.