நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழக்கு

நெய்யாறு அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் வழியாகக் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு பகுதிக்கு வந்துகொண்டிருந்த பாசன நீரைக் கேரளம் 2004இல் நிறுத்தியது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இது. இரு மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு என்பதால் அரசியலமைப்பின் 131ஆம் பிரிவின் கீழ் நேரடியாக அங்கேயே தாக்கலானது.

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு நெய்யாற்றின்கரை வழியாக ஓடிப் பூவாறில் கடலில் கலக்கிறது. அதன் பாசனத் திட்டத்தை 1951இல் தொடங்கியபோது நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் அடுத்தடுத்த தாலுகாக்கள். நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்பில் எல்லை பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. தலைமதகு கேரளத்தில், கடைவரம்பு அன்றைய சென்னை மாநிலத்தில். 1958இல் அணை முடிந்தபோது ஒரு மாநிலத்துக்காகப் போட்ட திட்டம் இரு மாநிலத்துக்குப் பொதுவாகிவிட்டிருந்தது.

தமிழகத்தின் கணக்கில் விளவங்கோட்டில் இந்தக் கால்வாயின் ஆயக்கட்டு 9,200 ஏக்கர். தண்ணீர் நின்றதால்தான் அங்கே நெல் போயிற்று என்று மேடையில் பேசுவார்கள். அது பாதி உண்மை. வயல்கள் வாழைக்கும் மரச்சீனிக்கும் ரப்பருக்கும் மாறத் தொடங்கியது அதற்கு முன்பே. ஆனால் வாழைக்கும் கோடையில் தண்ணீர் வேண்டும். சானல் (கால்வாய்) காய்ந்தால் பக்கத்துக் கிணறும் இறங்கும்.

நெய்யாறு முழுக்கக் கேரளத்துக்குள் ஓடுவதால் அது மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறல்ல, எனவே தமிழ்நாடு உரிமையாகக் கேட்க முடியாது, ஒப்பந்தம் போட்டால் பார்க்கலாம் என்பது கேரளத்தின் வாதம். திட்டமே விளவங்கோட்டையும் சேர்த்துப் போட்டது, எல்லை பிறகு வந்தது என்பது தமிழ்நாட்டின் பதில்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஓர் இக்கட்டு உண்டு. மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறு என்று வாதாடி வென்றால், 1956ஆம் ஆண்டின் நதிநீர்த் தகராறு சட்டத்தின் 11ஆம் பிரிவு நீதிமன்றத்தின் கதவையே சாத்தி, வழக்கை நடுவர் மன்றத்துக்குத் தள்ளிவிடக்கூடும். அப்படிப்பட்ட ஆறு அல்ல என்று ஒப்புக்கொண்டாலோ, கேரளம் சொல்வது பாதி சரியென்று ஆகிவிடும்.

கேரளத்துடனான மற்ற நீர்த் தகராறுகளில் தமிழ்நாட்டின் கையில் காகிதம் இருந்தது. முல்லைப்பெரியாறுக்கு 1886இன் 999 ஆண்டுக் குத்தகை. அந்த அணை தொடர்பாகக் கேரளம் 2006இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. பரம்பிக்குளம்-ஆழியாறுக்கு 1970 ஒப்பந்தம். மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 108ஆம் பிரிவும் முன்பிருந்த மாநிலங்கள் தங்களுக்குள்ளோ மத்திய அரசோடோ செய்துகொண்ட ஏற்பாடுகளைத்தான் காப்பாற்றுகிறது. நெய்யாற்றிலோ 1951இல் இருந்தது ஒரே அரசு. அது யாரோடு கையெழுத்திட்டிருக்கும்? பிரியாமல் இருந்த குடும்பத்தில் பாகப்பத்திரம் தேடுவதுபோலத்தான் இது.

தீர்ப்பு வராமலே வழக்கு பத்தாண்டுகளைக் கடந்தது. தேர்தல் வரும்போதெல்லாம் கிள்ளியூர், விளவங்கோடு தொகுதிகளில் இந்தச் சானல் பேச்சுக்கு வருகிறது. பாறசாலைப் பக்கம் அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.