ஆன்செல் ஆடம்ஸ்: கலையும் பிழைப்பும்

ஆன்செல் ஆடம்ஸ் (1902–1984) அமெரிக்காவின் மேற்குப் பகுதி மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்த ஒளிப்படக் கலைஞர். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். மலைமுகட்டில் பெரிய கேமராவுடன் தனியே நின்று வெளிச்சத்துக்குக் காத்திருந்தவராகவே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் காலத்தின் பெரும்பகுதி போனது விடுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் பணத்துக்காகப் படமெடுப்பதில். இந்த இரண்டாவது ஆடம்ஸை முதலாமவருக்கு நேர்ந்த துரதிர்ஷ்டமாகக் கருதி ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அது தவறான கணக்கு. வாடிக்கையாளருக்காக உழைத்த தொழில்காரரே கலைஞருக்கு வழியும் முறையும் அமைத்துக் கொடுத்தார்.

1916இல் பெற்றோருடன் முதன்முறை யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனபோது தந்தை கொடுத்த கோடக் பிரவுனி கேமராவில் தொடங்கியது அவருடைய ஈடுபாடு. அப்போது அவர் பியானோ பயின்றுவந்தார். இசையே வாழ்க்கை என்றுதான் பல ஆண்டுகள் எண்ணியிருந்தார். 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறை முகத்தை எடுத்தபோது கையில் மீதமிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டருடன் எடுத்தார். வானம் தான் உணர்ந்த அளவுக்கு இருளாது என்று உறைத்ததும் அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டிக் கடைசித் தகட்டைப் பயன்படுத்தினார். கண் பார்ப்பதை அல்ல, மனத்தில் முன்கூட்டியே கண்ட படத்தை அச்சில் கொண்டுவர முடியும் என்ற தெளிவு அங்கே பிறந்தது. அதே ஆண்டில் வெளியான அவருடைய முதல் படத்தொகுப்பின் விற்பனைக்கு ஏற்பாடு செய்தவர் ஆல்பர்ட் பெண்டர் என்ற புரவலர். மறுஆண்டு அவர் மணந்த வர்ஜீனியா பெஸ்டின் தந்தை யோசெமிட்டியிலேயே ஓவிய, நினைவுப்பொருள் கடை நடத்தியவர். தொடக்கத்திலிருந்தே கலைக்கு அருகில் கல்லாப்பெட்டியும் இருந்திருக்கிறது.

யோசெமிட்டியில் விடுதிகள் நடத்திய கர்ரி (Curry) நிறுவனம் குளிர்காலப் பயணிகளை ஈர்க்க விளம்பரப் படங்கள் கேட்டது. ஆடம்ஸ் பல ஆண்டுகள் எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில்தான், 1932இல், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் போன்றோருடன் சேர்ந்து, ஓவியச் சாயலில் மங்கலாக்கிய படங்களை மறுத்துக் கூர்மையான படங்களை முன்வைத்த எஃப்/64 குழுவை அமைத்தார். பின்னர் ஃபார்ச்சூன், லைஃப் இதழ்கள் வந்தன. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கோடக் நிறுவிய 60 அடி அகல வண்ண விளம்பரப் பலகை வந்தது. போலராய்டு நிறுவனத்தின் ஆலோசகர் பணியும் வந்தது. 1969இல் அவருடைய யோசெமிட்டி பனிக்காலப் படம் ஒரு காபி டப்பாவிலும் ஏறியது. தன் நேரத்தை இவை தின்றதாக அவரே வருந்தியதுண்டு. வருத்தம் உண்மையானதுதான், ஆனால் அதைக் கொண்டு இந்தப் பணிகளின் பயனை அளக்க முடியாது. அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட ஜோன் சிஸ்டத்தையே பாருங்கள். கருமை முதல் வெண்மை வரை ஒளியளவைப் படிகளாகப் பிரித்து, நிழலுக்கு ஏற்ப எக்ஸ்போஷரையும் வெளிச்சப் பகுதிக்கு ஏற்ப டெவலப் செய்யும் நேரத்தையும் தீர்மானிக்கும் முறை அது. 1940ஐ ஒட்டி ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் இதை வகுத்த இடம், விளம்பர, தொழில்துறைக் கலைஞர்களைப் பயிற்றுவித்த லாஸ் ஏஞ்சலிஸ் ஆர்ட் சென்டர் பள்ளி. சொன்ன நாளில் சொன்ன தரத்தில் படம் கொடுத்தாக வேண்டியவருக்குத்தான் தற்செயலை நம்பாத முறை முதலில் தேவைப்படும்.

இதற்கு ‘நிலவு எழுச்சி, ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ’ படத்தைவிட நல்ல சான்று இல்லை. 1941இல் அமெரிக்க உள்துறையின் சுவர்ப்படத் திட்டத்துக்காகவும் ஒரு பொட்டாஷ் சுரங்க நிறுவனத்துக்காகவும் ஒரே பயணத்தில் அவர் சுற்றிக்கொண்டிருந்தார். வழியில் ஹெர்னாண்டஸில் அந்திவெயில் கல்லறைச் சிலுவைகள் மீது விழ, மேலே நிலவு ஏறியிருந்தது. லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவிலிருந்ததால், அதைக் கொண்டே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். இரண்டாவது படத்துக்கு முயல்வதற்குள் சிலுவைகளின் மீதிருந்த வெயில் போய்விட்டது. நாளைக் குறித்துவைக்காததால் பின்னாளில் நிலவின் இருப்பிடத்தைக் கொண்டு வானியலாளர்கள் 1941 நவம்பர் 1 என்று கணித்தார்கள். அந்த நாளுக்கு அவர் அரசிடம் ஊதியம் கோரியிருக்கவில்லை. ஆகவே படம் அவருக்கே சொந்தமானது. எடுத்ததோடு வேலை முடியவுமில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை அவர் அச்சிட்டார்; ஆண்டுகள் செல்லச்செல்ல வானத்தை மேலும் கருமையாக்கினார். 1981இல் ஒரு பிரதி 71,500 டாலருக்கு விற்றது. படைப்பின் விலை இப்படி ஏறும்முன், எழுபது வயதை ஒட்டிய காலம் வரை, அவருக்குச் சோறு போட்டது வாடிக்கையாளர் பணியே.

கடுமையான மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. உலகம் நொறுங்கிக்கொண்டிருக்கையில் பாறைகளைப் படமெடுக்கிறார்கள் என்று ஆடம்ஸையும் வெஸ்டனையும் ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் குறைகூறினார். அந்தப் பாறைகளுக்குப் பயன் இருந்தது: சியரா நெவாடா பற்றிய அவருடைய 1938ஆம் ஆண்டு நூல், 1940இல் கிங்ஸ் கேனியன் தேசியப் பூங்கா உருவாகத் துணைநின்றது. ஆனால் குறையின் இன்னொரு பாதியை மறுக்க இயலாது. 1851இல் படைகொண்டு விரட்டப்பட்ட அவானீச்சி பூர்வகுடி மக்களின் தடயம் அவருடைய யோசெமிட்டியில் இல்லை. மனிதர் தொடாத நிலம் என்ற தோற்றத்தை அந்தப் படங்கள் வலுப்படுத்தின. லோன் பைனில் எடுத்த பனிக்காலச் சூரியோதயப் படத்தில், மலைச்சரிவில் மாணவர்கள் அமைத்திருந்த ஊர்ப்பெயர் எழுத்துகளைக்கூட அவர் அழித்தார். ஆயினும் அந்தப் படம் பிறந்த நாட்களில்தான் அருகிலிருந்த மன்சனார் முகாமுக்கும் போய்வந்தார். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு அடைத்துவைத்த ஜப்பானிய வம்சாவளியினரை முகத்துக்கு முகம் எடுத்து, 1944இல், போர் முடியும்முன்பே, நூலாக வெளியிட்டார். சிரித்த முகங்கள் மிகுதி, முள்வேலியும் காவல் கோபுரமும் குறைவு என்ற விமர்சனம் நியாயமானது. அன்றைய வெறுப்புச் சூழலில் அவர்களைச் சக குடிமக்களாகக் காட்டத் துணிந்தார் என்பதும் அதே அளவு உண்மை. பிறகு 1960களில் அந்த மன்சனார் படங்களைக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடையாக அளித்தார். இன்று அவற்றை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.