பியூகாஸில் சிலுவைத்தூண்: ஒரு பெயரும் அதன்மேல் எழுந்த வரலாறும்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஹேட்ரியன் மதிலுக்கும் வடக்கே, ஸ்காட்லாந்து எல்லைக்கருகில் பியூகாஸில் என்னும் சிற்றூர் உள்ளது. ரோமானியர் கட்டிய அறுகோண அரண், அதன் கற்களைப் பெயர்த்து இடைக்காலத்தில் எழுப்பி இன்று பாழாய் நிற்கும் கோட்டை, புனித கத்பர்ட் தேவாலயம், தேவாலய முற்றத்தில் தலை இழந்த ஒரு மணற்கல் தூண் ஆகியவையே ஊரின் அடையாளங்கள். அரணைப் பற்றிப் பெரிய பிணக்கு இல்லை. கோகிடியஸ் என்ற தெய்வத்தின் வெள்ளித் தகடுகள் இரண்டு 1937இல் அங்கே கிடைத்தபின், அது அத்தெய்வத்தின் தலம் என்ற கருத்து வலுப்பெற்றது. சண்டை முழுவதும் தூணைப் பற்றியது.

தூணின் எஞ்சிய உயரம் சுமார் 4.4 மீட்டர். மேற்கு முகத்தில் மேலே திருமுழுக்கு யோவான், நடுவில் விலங்குகள்மேல் நிற்கும் கிறிஸ்து, அடியில் பறவையை ஏந்திய ஓர் உருவம். கிறிஸ்துவுக்கும் அவ்வுருவத்துக்கும் இடையே ரூனிக் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்தில் 9 வரிகள் உள்ளன. தெற்கு முகத்தில் சூரியக் கடிகாரம். வடக்கு முகத்தில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள். பழம்பொருள் ஆய்வாளர் காம்டன் 1607இல் இந்தக் கட்டங்களைக் கண்டு, அப்பகுதிப் பிரபுக்களான வோ குடும்பத்தின் சின்னமும் கட்டம் என்பதால் தூண் அவர்கள் செய்ததாக இருக்கலாம் என ஊகித்தார். எழுத்து தேய்ந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்றும் எழுதினார். பின்வந்தோர் அந்த அடக்கத்தைக் கைவிட்டனர்.

இக்கட்டுரை முதன்மையாக மறுப்பது ஜான் மோனின் வாசிப்பை. பியூகாஸில் தேவாலயத்தின் குருவாக இருந்த அவர் 1857இல் வெளியிட்ட நூலில் 9 வரிகளையும் முழுமையாகப் படித்துவிட்டதாக அறிவித்தார். ஹ்வெட்ரெட், வோத்கார், ஒல்வ்வொல்து என்ற மூவர், நார்தம்பிரியா அரசன் ஒஸ்வியுவின் மகன் அல்க்ஃபிரித் அரசனின் நினைவாக இந்த வெற்றிக்குறியை நிறுவினர். அவர்களுக்காக வேண்டுக என்பது அவர் கண்ட சாரம். இன்னொரு முகத்தில் எக்ஃபிரித் மன்னனின் முதல் ஆட்சியாண்டு என்ற குறிப்பையும் கண்டார். ஒஸ்வியு இறந்து எக்ஃபிரித் பட்டத்துக்கு வந்தது 670இல். ஆக ஆண்டும் கிடைத்துவிட்டது, அரசனும் கிடைத்துவிட்டான்.

இது நம்பும்படி இருந்ததற்குக் காரணம் வடக்கு முகம். அங்கே கட்டங்களுக்கருகில் ஒரு பெயர் இன்றும் தெளிவாகவே தெரிகிறது: கினிபுர்க். மெர்சியா அரசன் பெண்டாவின் மகள் கினபுர்க் அல்க்ஃபிரித்தின் மனைவி என்று வரலாறெழுதிய துறவி பீட் எழுதியிருக்கிறார். மனைவி பெயர் வடக்கே இருந்தால் கணவன் பெயர் மேற்கே இருக்கத்தானே வேண்டும்? கல்வெட்டுப் படிப்போரிடம் அடிக்கடி காணும் நோய் இது. முதலில் நூலில் ஒரு பெயர் கிடைக்கிறது. பிறகு தேய்ந்த கல்லில் அதே பெயர் தெரியத் தொடங்குகிறது. கினபுர்க் என்பதோ அக்காலத்தில் ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் வைத்த பெயரன்று.

மோனின் பாடத்தை வீழ்த்தக் கல்லின் தேய்மானத்தைக் காட்டுவதைவிட அதன் மொழியைக் காட்டலாம். ஒல்வ்வொல்து என்பது பழைய ஆங்கிலப் பெயர்களின் அமைப்பில் அடங்கவில்லை. ‘ஆன்மா’வுக்கு அவர் தரும் ‘சொவ்ஹுலா’ என்ற வடிவமும் அம்மொழியில் பொருந்தாது. ஒரு பாடத்தில் மூன்றில் ஒரு பெயர் மொழிக்குப் புறம்பாக இருந்தால், மற்ற இரண்டையும் அதே கண்தான் படித்தது என்பதை மறக்கக் கூடாது. மோன் பாசியை நீக்கி, அருகிலேயே வாழ்ந்து, திரும்பத் திரும்பப் பார்த்தவர். அவர் கைபட்டு எழுத்துகள் மாறியிருக்குமோ என்று 1960இல் ரூனிக் எழுத்தாய்வாளர் ஆர். ஐ. பேஜ் ஐயுற்றார். மோன் பொய்யர் என்று நான் கருதவில்லை. அந்த நெருக்கம்தான் அவரை ஏமாற்றியது. ‘இந்த வெற்றிக்குறி’ என்ற தொடக்கத்துக்கு மேல் மேற்கு முகத்தில் உறுதியாகச் சொல்லத்தக்கது மிகக் குறைவு.

வடக்கு முகப் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. பின்னாளில் கார்லைல் ஆயரான வில்லியம் நிக்கல்சன், 1685இல் எழுதிய கடிதத்தில் இதே சொல்லைத் தூணிலேயே தெளிவானதெனக் குறிப்பிடுகிறார். ஆனால் முதல் எழுத்தை ‘க’ ஒலிக்குப் பதில் ‘ர’ ஒலியாகக் கொண்டதால், பழைய டேனிய மொழியில் இடுகாட்டைக் குறிக்கும் சொல் என்று விளக்கினார். ஒரு கீற்று மாறியதும் அரசி இடுகாடாகிவிட்டாள்! தெளிவான இடத்திலேயே இந்த நிலை என்றால், மங்கிய 9 வரிகளில் மோன் கண்டதை எவ்வளவு நம்பலாம்? பேஜ் படித்தபடி பெயரின் நடு உயிர் ‘எ’ அன்று, ‘இ’. அது பழமைக்கு ஒரு சான்றாகும். எனினும் பெயர்களில் பழைய எழுத்துக்கூட்டல் நீடிப்பதும் இயல்பு. அதனால் அதன்மேல் அதிக பாரம் ஏற்ற இயலாது.

மோனின் 670ஐ மறுப்பவர்கள் மறுகோடிக்குப் போகத் தேவையில்லை. அறிஞர் ஆல்பர்ட் குக் 1912இல் இத்தூணையும் இதையொத்த ரூத்வெல் சிலுவையையும் 12ஆம் நூற்றாண்டுக்கு, ஸ்காட்லாந்து அரசர் முதலாம் டேவிட்டின் காலத்துக்குக் கொண்டுபோனார். கொடிவேலைப்பாட்டையும் உருவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. 8ஆம் நூற்றாண்டின் முதற்பாதி என்ற கணிப்பே இன்று பெரும்பாலோர் ஏற்பது. நானும் அதையே ஏற்கிறேன், அல்க்ஃபிரித்தை நீக்கிவிட்டு.

இந்தக் கணிப்புக்கு வலுச்சேர்க்க ஒரு துண்டு உண்டு. அதன்மேல் நான் சற்று அழுத்தம் தருவேன். 17ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர் காட்டனின் கையெழுத்துத் தொகுப்பில் உள்ள ஒரு குறிப்பு, 1615இல் பியூகாஸிலில் ஒரு சிலுவையின் தலைக்கல் கிடைத்ததாகச் சொல்லி, ‘வலிய ஆண்டவரின்’ என்று பொருள்படும் ரூனிக் எழுத்துகளைத் தருகிறது. அதிலுள்ள வேற்றுமை விகுதி ‘அஸ்’ போன்ற முற்கால வடிவில் இருக்கிறது, பின்னாளைய ‘எஸ்’ வடிவில் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பார்த்தெழுதியவருக்குப் பழைய விகுதி எது, புதியது எது என்பது தெரியாது. ஆகவே கல்லில் இருந்ததையே எழுதினார் என நம்ப இடமுண்டு. மோனின் பாடத்துக்கு இல்லாத நன்மை இது: எதிர்பார்ப்பு இல்லாத கண் கண்ட எழுத்து.

ஆனால் குறிப்பு தரும் அளவுகள் இடிக்கின்றன: நீளம் 16 அங்குலம், அகலம் 12, தடிமன் 4. நம் தூணின் உச்சி அந்தத் தடிமனைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. தலைக்கல்லின் ஒரு சிம்பு மட்டும் கிடைத்திருக்கலாம். அதே முற்றத்தில் நின்ற வேறொரு சிறு சிலுவையின் தலையாகவும் அது இருந்திருக்கலாம். பின்னது உண்மையானால் என் விகுதி வாதம் பியூகாஸிலின் காலத்தைச் சொல்லும், இந்தத் தூணின் காலத்தைச் சொல்லாது. முன்னதையே நான் விரும்புகிறேன். அளவுகள் அதை மறுக்கவும் இல்லை, நிறுவவும் இல்லை. கல்லோ காணாமல் போய்விட்டது.